உயிரும் உருவமும்

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை நூறு ஆண்டுகளில் கற்ற பாடம் என்ன? அந்தப் பாடம் நம் பெண்களுக்கு எவ்வளவு தூரம் எட்டியிருக்கிறது?

பெண்ணின் மார்பில் தோன்றும் புற்றைக் களைய எவ்வளவு அறுக்க வேண்டும் என்னும் ஒரே கேள்விக்குத் தீர்ந்த விடை காண வைத்திய உலகத்துக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த நூறு ஆண்டுகளில் லட்சக்கணக்கான ஸ்திரீகள் தங்கள் மார்பகத்தை மட்டுமன்றி, அதன் அடியிலிருந்த தசைகளையும், அக்குளின் நெறிகள் என்னும் நிணநீர் முடிச்சுகளையும், முன்போல் கையை வீசி உழைக்கும் வலுவையும் இழந்தார்கள். அப்படி இழந்தவற்றில் பெரும்பகுதியை இழந்திருக்கவே வேண்டியதில்லை என்பது பிற்பாடுதான் நிரூபணமாயிற்று.

2022ஆம் ஆண்டின் உலகக் கணக்குப்படி அந்த ஓராண்டில் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. இந்தியாவில் மட்டும் சுமார் 1,92,000 பேர் இதற்கு ஆளானார்கள், சுமார் 98,000 பேர் மாண்டார்கள். இத்தனை பெரிய துயரத்தை எதிர்த்து வைத்தியம் நடத்திவந்த போராட்டத்தின் சரித்திரத்தை ஊன்றிப் படிப்பவர்க்கு ஓர் உண்மை தெளிவாகப் புலப்படும்: குறைவாக அறுக்கக் கற்றுக்கொண்ட காலத்திலேதான் அதிகம் பேரைப் பிழைக்க வைக்கவும் அந்தச் சாஸ்திரம் கற்றுக்கொண்டது. அந்த உண்மையிலிருந்து பிறக்கிற ஒரு கடமையை வற்புறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம். உயிரைக் காப்பதோடு, நோயினால் இழந்த உருவத்தை, விரும்புகிற பெண்ணுக்கு மீட்டுத் தருவதும் சிகிச்சையின் ஓர் அங்கமே. அதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவைக்க நமக்கு நியாயமில்லை.

மயக்க மருந்து வராத காலம்

மயக்க மருந்து அறியாத நாளில் ரண சிகிச்சை எப்படிப்பட்ட கொடுமையாக இருந்தது என்பதை ஆங்கில நாவலாசிரியை ஃபான்னி பர்னி எழுதிவைத்திருக்கிறார். 1811 செப்டம்பர் 30ஆம் தேதி, பாரிஸ் நகரில் தம் இல்லத்திலேயே, நெப்போலியனின் சேனையில் புகழ்பெற்ற வைத்தியரான டொமினிக் ழான் லாரே அவருடைய வலது மார்பகத்தை அகற்றினார். முகத்தின் மேல் போர்த்திய மெல்லிய துணியின் ஊடே கத்தியின் பளபளப்பைத் தாம் கண்டதைக்கூட, பல மாதங்கள் கழித்துத் தம் சகோதரிக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் அவர் குறித்திருக்கிறார். அந்தச் சித்திரவதைக்குப் பிறகு 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1840இல் அவர் காலமானார்.

அதற்கு ஏழு ஆண்டுகள் முன்னரே, 1804 அக்டோபர் 13 அன்று, ஜப்பானிய வைத்தியர் ஹனாவோகா செய்ஷூ, ஊமத்தையும் வச்சநாபி வகையும் பிற மூலிகைகளும் சேர்த்துத் தாம் பல ஆண்டுகள் உழைத்துக் கண்ட கஷாயத்தைக் கொடுத்து, 60 வயதான பெண்ணொருத்தியை நினைவிழக்கச் செய்து, அவளுடைய மார்பிலிருந்த புற்றை வேதனையின்றி அகற்றியிருந்தார். ஆயினும் வெளியுலகத்தோடு தொடர்பை மிகவும் சுருக்கிக்கொண்டிருந்த அன்றைய ஜப்பானிலிருந்து அந்த வித்தை கடல் தாண்டவில்லை. 1846இல் பாஸ்டன் நகரில் ஈதர் ஆவியின் பயன் நிரூபிக்கப்பட்ட பின்னரே மேல்நாட்டு ரண வைத்தியர் நிதானமாக வேலை செய்ய முடிந்தது. வலி தடையாக இல்லாமற் போனதும், எவ்வளவு வேண்டுமானாலும் அறுக்கலாம் என்ற துணிவும் உடன் பிறந்தது.

ஹால்ஸ்டெட்டின் சித்தாந்தம்

அந்தத் துணிவுக்கு ஒரு சாஸ்திர வடிவம் கொடுத்தவர் அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட். அறுவைக் கூடத்துக்கு ரப்பர் கையுறையைக் கொண்டுவந்தவரும், இளம் வைத்தியர்களைப் படிப்படியாகப் பயிற்றும் முறையை அமைத்தவரும் அவரே. புற்றானது தோன்றிய இடத்திலிருந்து நெறிகளின் வழியே ஒழுங்காகப் படிப்படியாகப் பரவுகிறது என்றும், வயலில் கோரையின் கிழங்கைத் தோண்டி எடுக்காமல் தாளை மட்டும் பிடுங்கினால் மறுபடி முளைப்பதுபோல, சுற்றிலுமுள்ள சதையை மிச்சம் வைத்தால் நோய் திரும்பும் என்றும் அவர் நம்பினார். ஆகவே மார்பகம், அதன் மேல்தோல், அடியிலுள்ள மார்புத் தசைகள், அக்குளின் நெறிகள் ஆகிய அனைத்தையும் ஒரே தொகுதியாக எடுத்தெறியும் முறையை 1880களில் கையாளத் தொடங்கி, 1894இல் 50 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார். அறுத்த இடத்திலேயே நோய் திரும்பியவர்கள் அவர் கணக்கில் மிகச் சிலரே. ஐரோப்பிய வைத்தியர்களின் அனுபவத்தோடு ஒப்பிட்டால் அது மகத்தான வெற்றியாகவே தோன்றிற்று.

அவரை நாம் குறைகூறுவதற்கில்லை. பெரிய கட்டியோடும், புண்ணாய் உடைந்த மார்போடும் வந்த பெண்களுக்கு அந்தச் சிகிச்சை பெரிய ஆறுதலாக இருந்தது மெய். ஆனால் மார்பில் நோய் திரும்பாதிருப்பது வேறு, பெண் பிழைத்திருப்பது வேறு. எலும்பிலும் ஈரலிலும் நுரையீரலிலும் நோய் தலைகாட்டிப் பலர் மாண்டார்கள். அதைக் கண்டு, போதிய அளவு அறுக்காததே காரணம் என்று எண்ணிய வாரிசுகள் கழுத்தடி நெறிகளையும், விலா எலும்பின் பகுதிகளையுங்கூட வெட்டி எடுக்கப் புகுந்தார்கள். குழிந்த மார்போடும் வீங்கிய கையோடும் அந்தப் பெண்கள் எஞ்சிய காலத்தைக் கழித்தார்கள்.

சீட்டுக் குலுக்கித் தெளிந்த உண்மை

மாற்று அபிப்பிராயம் கொண்டவர்கள் இல்லாமலில்லை. பொருளாதார மேதை ஜான் மேனார்ட் கெய்ன்ஸின் தம்பியும், லண்டன் புனித பர்த்தலோமியு மருத்துவமனையின் ரண வைத்தியருமான ஜெஃப்ரி கெய்ன்ஸ், 1920களிலேயே கட்டியை மட்டும் எடுத்து அல்லது எடுக்காமலே, ரேடியம் ஊசிகளைச் செலுத்திப் பார்த்து, பயன் குறையவில்லை என்று எழுதினார். ஆனால் ஒருவருடைய அனுபவத்தை மற்றொருவருடைய அனுபவத்தால் மறுத்துவிட முடியாது. எந்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை என்பதை வைத்தியரின் விருப்பத்துக்கு விடாமல், சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் தற்செயலாக நிர்ணயித்து, இரண்டு கூட்டத்தாரையும் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து கணக்கெடுப்பது ஒன்றே இத்தகைய வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல வல்லது.

அதை நடத்திக் காட்டியவர்கள் இருவர். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரின் பெர்னார்ட் ஃபிஷர் ஒருவர். இத்தாலியில் மிலான் நகரின் உம்பெர்ட்டோ வெரோனேசி மற்றொருவர். ஃபிஷர் 1971இல் தொடங்கிய முதல் பரீட்சையில், தசைகளையும் சேர்த்து அறுக்கும் ஹால்ஸ்டெட் முறையினால் ஆயுள் கூடுவதில்லை என்பது புலனாயிற்று. 1976இல் அவர் தொடங்கிய அடுத்த பரீட்சை இன்னும் துணிகரமானது. நான்கு சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டியுடைய பெண்களில் சிலருக்கு முழு மார்பகத்தையும் எடுத்தார்கள். சிலருக்குக் கட்டியையும் சுற்றிலும் சிறிது நல்ல சதையையும் மட்டும் எடுத்தார்கள். சிலருக்கு அப்படிக் கட்டியை எடுத்தபின் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். 1985இல் முதல் முடிவும், 2002இல் இருபது ஆண்டு முடிவும் வெளியாயின. மூன்று கூட்டத்தாரும் பிழைத்திருந்த விகிதத்தில் வித்தியாசம் இல்லை. கட்டியை மட்டும் எடுத்தவர்களில், கதிர்வீச்சுப் பெறாதாரில் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. பெற்றவரில் 14 பேருக்கே திரும்பியது. சிறிய கட்டியுடைய 701 பெண்களை வைத்து வெரோனேசி 1973 முதல் நடத்திய பரீட்சையும் அதே உண்மையையே உரைத்தது.

இந்த இரண்டு பெயர்களை உலகம் போற்றுகிறது, போற்றத்தான் வேண்டும். ஆனால் எந்தச் சிகிச்சை தனக்கு வாய்க்கும் என்று அறியாமலே, பின்வரும் பெண்களுக்கு உண்மை தெரியட்டும் என்று அந்தப் பரீட்சைகளுக்கு உடன்பட்ட பெண்களின் பெயர் எவருக்கும் தெரியாது. அவர்களுடைய தைரியத்தின் மீதுதான் இன்றைய சிகிச்சை முழுவதும் நிற்கிறது.

மற்றொரு பெண்ணையும் இங்கே நினைக்க வேண்டும். அக்காலத்தில் கட்டி புற்றா அல்லவா என்று பார்க்கச் சதை எடுப்பதற்காகவே மயக்கம் கொடுத்து, புற்று என்று தெரிந்தால் அந்த மயக்கத்திலேயே மார்பகத்தையும் அகற்றிவிடுவது வழக்கம். கண் விழிக்கும் வரை தன் உடம்பு என்னவாகும் என்பது நோயாளிக்கே தெரியாது. அமெரிக்கப் பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர், தமக்கு 1974இல் இந்நோய் கண்டபோது, சதைப் பரிசோதனை தனியே, அறுவை தனியே என்று பிடிவாதம் பிடித்தார். பிறகு எல்லாப் பெண்களுக்காகவும் வாதாடினார். 1979இல் அமெரிக்க அரசின் வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் கூட்டிய சபை அவர் கேட்டதையே முறையாகச் சிபாரிசு செய்தது. நோய் நிர்ணயத்துக்கும் அறுவைக்கும் இடையே பெண்ணுக்கு யோசிக்கச் சில தினங்கள் கிடைத்தது அப்போதுதான். இழக்கும் மார்பை மறுபடி அமைக்கும் மறுசீரமைப்பைப் பற்றி அவளோடு பேசுவதற்கு வேண்டிய அவகாசமும் அந்தத் தினங்களிலேதான் இருக்கிறது.

கத்திக்கு எட்டாத இடம்

குறைவாக அறுத்தும் பிழைக்க முடிவதன் காரணம், இந்நோயின் உயிர்நிலை பல வேளைகளில் மார்பில் இல்லை என்பதே. கண்ணுக்குத் தெரியாத சில அணுக்கள் ரத்தத்தோடு கலந்து தூரத்து அவயவங்களில் சென்று தங்கிவிட்டால், மார்பை எத்தனை ஆழம் தோண்டினாலும் பிரயோஜனமில்லை. அவற்றைத் தேடிச் செல்லும் மருந்தே வேண்டும்.

கிளாஸ்கோ நகரின் ஜார்ஜ் பீட்சன், முற்றிய நோயுடைய பெண்ணொருத்தியின் சூலகங்களை அகற்றியதும் அவளுடைய மார்புக் கட்டி சுருங்கியதை 1896இலேயே அறிவித்திருந்தார். பெண்மைச் சுரப்பே சிலருடைய புற்றுக்கு உணவாகிறது என்பதன் முதல் சாட்சி அது. கருத்தடைக்காக இங்கிலாந்தில் 1960களில் தயாரிக்கப்பட்டு, அந்த வேலைக்கு உதவாது என்று கண்ட டமாக்ஸிஃபென் என்னும் மாத்திரை, அந்த உணவைத் தடுக்கும் மருந்தாக 1971இல் மான்செஸ்டர் நகரில் பயன் தந்தது. சுரப்பை ஏற்கும் தன்மையுடைய புற்றுக்கு இதை ஐந்தாண்டு தினமும் உட்கொண்டால், முதல் பதினைந்து ஆண்டுகளில் இந்நோயால் நேரும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. விலை மலிவான இந்தச் சிறு மாத்திரையை, உடம்பு தேறிவிட்டது என்று எண்ணி நடுவில் நிறுத்திவிடுகிறவர்கள் பலர். அது பெரிய அபாயம்.

நம் மக்கள் கீமோ என்று சொல்லும் மருந்துச் சிகிச்சையை, அறுவைக்குப் பின் நோய் திரும்பாமலிருக்கக் கொடுக்கலாம் என்று மிலான் நகரின் ஜியான்னி போனடோன்னா 1976இல் நிரூபித்தார். மற்றொரு வகைப் புற்றும் உண்டு. நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்கு, ஹெர்-2 என்னும் புரதம் புற்றணுவின் மேல் அளவுக்கு மீறிப் பெருகி, நோயை வேகமாக வளர்க்கிறது. கலிஃபோர்னியாவின் டென்னிஸ் ஸ்லாமோன் முதலியோரின் உழைப்பால் அந்தப் புரதத்தையே குறிவைக்கும் டிராஸ்டுஸூமாப் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு நிகரான இந்தியத் தயாரிப்பு 2014இல் சந்தைக்கு வந்ததால் விலையும் இறங்கியது. ஆகவே இன்று, கட்டி எவ்வளவு பெரிது என்று கேட்பதோடு நில்லாமல், அது எந்த இனத்தது என்றும் வைத்தியர் கேட்கிறார். ஊசியால் எடுத்த சிறு சதைத் துண்டில் இந்தத் தன்மைகளைச் சோதித்தறியாமல் கத்தியை எடுப்பது இன்று முறையாகாது. ஏனெனில் பலருக்கு மருந்தே முதலில் வர வேண்டும். மருந்தினால் கட்டி சுருங்கினால், முழுதும் எடுக்க வேண்டியிருந்த மார்பகத்தைக் காப்பாற்றவும் கூடும்.

அறுவை நாளில் செய்யத்தக்க எளிய உபாயம் ஒன்றை நம் நாடே உலகுக்கு அளித்திருக்கிறது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ராஜேந்திர பட்வே முதலியோர், கட்டியை அறுப்பதற்குச் சில நிமிஷங்களுக்கு முன் அதைச் சுற்றிலும் லிக்னோகெயின் என்னும் மரத்துப்போகும் மருந்தை ஊசியால் செலுத்தி, 1,600 பெண்களிடம் நடத்திய பரீட்சையின் முடிவை 2023இல் வெளியிட்டார்கள். ஐந்து ஆண்டுகளில் உயிரோடிருந்தோர், ஊசி போட்ட கூட்டத்தில் நூற்றுக்கு 90.1, போடாத கூட்டத்தில் 86.4. எந்தச் சிறிய ஊர் மருத்துவமனையிலும் கிடைக்கிற மருந்து அது.

அக்குளும் கதிர்வீச்சும்

மார்பகத்தில் கத்தி அடங்கியதுபோல் அக்குளிலும் அடங்கிற்று. நெறிகள் அனைத்தையும் எடுத்தால் கையின் நிணநீர் வடியும் வழி அடைபட்டு, சிலருக்குக் கை ஆயுள் முழுதும் வீங்கியே இருக்கும். நாற்று நடவும் நீர் இறைக்கவும் துணி துவைக்கவும் கையை நம்பியிருக்கிற பெண்ணுக்கு அது தீராத தண்டனை. மார்பிலிருந்து நிணநீர் முதன்முதலாகச் சென்று சேரும் நெறியை, நீல மருந்தையோ கதிரியக்கப் பொருளையோ செலுத்திக் கண்டுபிடித்து, அதை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை 1990களில் வழக்குக்கு வந்தது. காவல் நிற்கும் அந்த நெறியில் நோயில்லையேல் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை.

நம் ஊர்ப்புறங்களில் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் சுருங்கியிருக்கிறது. ஐந்து வாரம் தினந்தோறும் கொடுத்ததை மூன்று வாரத்தில் கொடுத்தாலும் பலன் ஒன்றே என்பது பிரிட்டனில் நிலைநாட்டப்பட்டது. தகுந்த நோயாளிகளுக்கு ஒரே வாரத்தில் ஐந்து முறை கொடுத்தாலும் போதும் என்று 2020இல் வெளியான மற்றொரு பரீட்சை காட்டிற்று. கிராமத்தை விட்டு வந்து நகரத்தில் வாடகை அறையில் தங்கிச் சிகிச்சை பெறும் ஏழைக் குடும்பத்துக்கு இந்தக் குறைவு எத்தனை பெரிய உபகாரம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ‘இத்தனை தூரம் வந்து போக முடியாது, முழுசா எடுத்துடுங்க’ என்று கதிர்வீச்சைத் தவிர்ப்பதற்காகவே மார்பகத்தை இழக்கச் சம்மதிக்கும் பெண்களுக்கு இச்செய்தி எட்ட வேண்டும்.

இழந்த உருவத்தை மீட்கும் வித்தை

இத்தனைக்குப் பிறகும், கட்டி பெரிதாயிருப்பது, பல இடங்களில் இருப்பது, பரம்பரை மரபணுக் கோளாறு போன்ற காரணங்களால் பலருக்கு முழு மார்பகத்தையும் எடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. அவர்களுக்காகவே மறுசீரமைப்பு என்னும் வித்தை இருக்கிறது.

அதன் மூலதத்துவம் நம் நாட்டுக்கு அந்நியமானதன்று. அறுபட்ட மூக்கை, பக்கத்துத் தோலை அதன் ரத்த ஓட்டம் அறுபடாமல் திருப்பி வைத்துச் சீர்செய்யும் முறையைச் சுஸ்ருத சம்ஹிதை விவரிக்கிறது. நெற்றித் தோலைக் கொண்டு மூக்கமைக்கும் இந்திய முறை 1794இல் லண்டன் பத்திரிகையொன்றில் வெளியாகி, 1814இல் ஜோசஃப் கார்ப்யூ அங்கே அதைச் செய்துபார்த்தார். சதை பிழைக்க ரத்தம் வேண்டும். ரத்தக்குழாயோடு சேர்த்து நகர்த்தினால் சதை புது இடத்திலும் வாழும் என்ற அதே உண்மையைத்தான் மார்பக மறுசீரமைப்பும் பற்றி நிற்கிறது. இத்தாலியின் பாவியா நகரைச் சேர்ந்த இஜினியோ டான்ஸினி, முதுகுத் தசையையும் அதன் மேல்தோலையும் முன்புறம் திருப்பி மார்பின் ரணத்தை மூடும் வழியை 1906இல் வெளியிட்டார். ஹால்ஸ்டெட் பரம்பரையினர், அப்படி மூடுவது நோய் திரும்புவதை மறைத்துவிடும் என்று அஞ்சியதால், அது மறக்கப்பட்டு 1970களில்தான் மீண்டும் உயிர்பெற்றது. அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை என்பது இப்போது தெளிவு: மறுசீரமைப்பினால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுவதில்லை.

இன்று வழிகள் இரண்டு. ஒன்று, சிலிக்கோன் உறை. 1962இல் ஹூஸ்டன் நகரில் தாமஸ் க்ரோனின், ஃபிராங்க் கெரோ என்னும் இருவர் அதை முதன்முதலாக ஒரு பெண்ணின் மார்பில் வைத்தார்கள். தோல் போதாதபோது, முதலில் ஒரு பையைத் தசைக்கடியில் வைத்து, சில வாரங்களாகச் சிறிது சிறிதாக உப்புநீர் ஏற்றித் தோலை விரியச் செய்து, பிறகு நிலையான உறையை வைக்கிறார்கள். அறுவை சிறியது, எழுந்து நடமாட அதிக நாள் ஆவதில்லை. ஆனால் உறை ஆயுள் முழுதும் உழைக்கும் என்று சொல்வதற்கில்லை. அதைச் சுற்றி வடுத்தசை இறுகி மார்பு கல்லாவதும் உண்டு. கதிர்வீச்சுப் பட்டவர்க்கு அந்த ஆபத்து அதிகம். சொரசொரப்பான ஒருவகை உறையோடு அபூர்வமான நிணநீர்ப் புற்று தொடர்புடையதென்று கண்டு 2019இல் அவ்வகை உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டதையும் பெண்கள் அறிந்திருக்க வேண்டும்.

மற்றொன்று, சொந்தச் சதையே. அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் தசையோடு சேர்த்து மார்புக்குக் கொண்டுவரும் முறையை அட்லாண்டா நகரின் கார்ல் ஹார்ட்ராம்ஃப் 1982இல் வெளியிட்டார். தசையை எடுத்தால் வயிறு பலவீனப்படும். ஆகவே தசையை விட்டுவிட்டு, அதன் ஊடே வரும் நுண்ணிய ரத்தக்குழாயை மட்டும் பிரித்தெடுக்கும் வழியை ஜப்பானின் இஸாவோ கோஷிமா 1989இல் காட்ட, அமெரிக்காவின் ராபர்ட் ஆலன் 1992 முதல் அதை மார்பகத்துக்குப் பயன்படுத்தினார். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள குழாயை, மார்பெலும்பின் ஓரத்திலுள்ள குழாயோடு, நுண்நோக்கியின் அடியில், தலைமயிரைவிட மெல்லிய நூலால் தைக்க வேண்டும். பல மணி நேரம் நீளும் வேலை. தைத்த பிறகும் முதல் இரண்டு மூன்று நாட்கள், புதிய மார்பின் நிறத்தையும் வெதுவெதுப்பையும் நர்ஸ்கள் மணிக்கொருதரம் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்; குழாயில் ரத்தம் உறைந்தால் உடனே மறுபடி திறந்து சரிசெய்ய வேண்டும். பிழைத்துவிட்டால் அது அவளுடைய சொந்த உடம்பு. அவள் பெருத்தால் பெருக்கும், மெலிந்தால் மெலியும். கதிர்வீச்சுப் பெற்ற மார்புக்குப் பெரும்பாலும் இதுவே தகுந்தது. முலைக்காம்பைத் தோலை மடித்தமைத்துப் பச்சை குத்தி நிறமூட்டுவது சில மாதங்கள் கழித்து நடக்கும் சிறு வேலை.

அறுவை நாளிலேயே மறுசீரமைக்கலாம். ஆண்டுகள் பல கழிந்த பின்னும் செய்யலாம். மார்பகத்தைக் காக்கும் அறுவையிலுங்கூட, எஞ்சிய சதையை இடம்மாற்றி வடிவம் கெடாமல் தைக்கும் வித்தை உண்டு. மீட்டமைத்த மார்பில் பழைய உணர்ச்சி முழுதாகத் திரும்புவதில்லை என்பதை மறைப்பது தவறு. புகை பிடிப்போர்க்கும், சர்க்கரை நோய் கட்டுக்கடங்காதோர்க்கும் ரணம் ஆறாத அபாயம் மிகுதி. இவையெல்லாம் தெரிந்த பின் ஒரு பெண், எனக்கு மார்பு வேண்டாம், தட்டையாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தால் அதுவும் முழு மனிதத்தன்மையுள்ள முடிவே. அமெரிக்கக் கவிஞர் ஆட்ரே லோர்ட், செயற்கை மார்பு அணியுமாறு மற்றவர்கள் வற்புறுத்தியதை மறுத்து, தம் தழும்போடு வாழ்ந்ததை 1980இல் நூலாகவே எழுதினார். உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் சிலிக்கோன் மார்போ, பருத்தி நூலால் பின்னிய மார்போ போதும் என்பாரும் உண்டு. வழி எதுவாயினும், தெரிந்து தேர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

அடையாறும் மும்பையும்

தமிழ்நாட்டில் புற்றுநோய்ச் சிகிச்சையின் சரித்திரத்தில் ஒரு பெரிய அத்தியாயம் ஒரு பெண்ணின் துக்கத்திலிருந்து தொடங்குகிறது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பல்லாண்டு முயற்சிக்குப் பின் 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையத்தைத் திறந்தார். அவருடைய புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்து 2021இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தார்கள். முற்றிய நிலையில் வரும் மார்பகப் புற்றுக்கு, உடனே கத்தி எடுக்காமல், மருந்தும் கதிர்வீச்சும் முதலில் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிப் பின் அறுக்கும் முறையை அவர்கள் பின்பற்றி, 1990களில் வந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களின் நீண்டகால விவரத்தை 2008இல் வெளியிட்டார்கள்.

முற்றிய நிலையில் வருவோர் அத்தனை பேர் என்பதே நம் குறை. வலிக்காத கட்டிதானே என்ற அலட்சியமும், மார்பைப் பற்றிப் பேசக் கூசுவதும், வீட்டு வேலையும் மகளின் கல்யாணமும் முடியட்டும் என்ற தியாகமும் சேர்ந்து மாதங்களை விழுங்குகின்றன. மும்பையில் 1998இல் தொடங்கி 1,51,538 பெண்களிடம் டாட்டா நினைவு மருத்துவமனை நடத்திய ஆராய்ச்சியில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டு ஆண்டுக்கொருமுறை கையால் மார்பைச் சோதித்ததனாலேயே நோய் முன்கூட்டிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டது. 50 வயதைக் கடந்தவர்களிடம் இந்நோயால் நேர்ந்த மரணம் ஏறக்குறைய நூற்றுக்கு 30 குறைந்தது. விலையுயர்ந்த எந்திரம் இல்லாத ஊரிலும் இது சாத்தியம். முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு இந்தச் சோதனையை அரசின் ஆரம்பச் சுகாதார நிலையங்களே செய்கின்றன; போய்ச் செய்துகொள்வதுதான் பாக்கி.

கையெழுத்துக்கு முன்

அமெரிக்காவில் 1998இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், மார்பக அகற்றத்துக்குப் பணம் கொடுக்கும் காப்பீடு, மறுசீரமைப்புக்கும், மற்ற மார்பகத்தை அதற்கிணையாகச் சீர்செய்வதற்கும், செயற்கை மார்புக்கும் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. இது சிகிச்சை என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டதற்கு அது சாட்சி. நம் ஊரிலோ பேச்சு ஆரம்பத்திலேயே அடைபட்டுப் போகிறது. ‘உயிர் பிழைச்சதே பெரிசும்மா, இந்த வயசுல இனி அதெல்லாம் எதுக்கு?’ என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள், அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் குளிக்கும்போதும் உடுத்தும்போதும் ஒவ்வொரு நாளும் அந்த இழப்பைக் காண்பவள் அவள் ஒருத்தியே. கணவனும் மகனும் வைத்தியரோடு வெளியே நின்று பேசித் தீர்மானித்து, அவள் உள்ளே கையெழுத்து மட்டும் போடும் வழக்கம் ஒழிய வேண்டும்.

அறுவைக்கு முன் அவள் தன் வாயாலேயே கேட்க வேண்டியவை சில உண்டு. ‘டாக்டர், என் கட்டி எந்த வகை? மருந்து முதலில் கொடுத்துச் சுருக்க முடியுமா? மார்பகத்தைக் காப்பாற்ற வழியுண்டா? அக்குளில் எத்தனை நெறி எடுப்பீர்கள்? முழுதும் எடுப்பதானால், மறுபடி அமைத்துத் தர இங்கே பிளாஸ்டிக் சர்ஜன் இருக்கிறாரா? அவரை நான் முன்னதாகப் பார்க்கலாமா? காப்பீட்டில் அது அடங்குமா?’ இவற்றைக் கேட்பது வைத்தியரைச் சந்தேகிப்பதாகாது. நல்ல வைத்தியர் இவற்றை எதிர்பார்க்கிறார். இரண்டாவது அபிப்பிராயம் கேட்பதற்குச் சில நாள் எடுத்துக்கொள்வதனால் நோய் கைமீறிப் போவதுமில்லை.

நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை இருக்கிறது. புற்றுநோய் ரண வைத்தியரும் இருக்கிறார். இருவரும் ஒரே நோயாளியை அறுவைக்கு முன்னரே சேர்ந்து பார்க்கும் ஏற்பாடு ஒவ்வொரு மாவட்டத்திலும் நடைமுறையாக வேண்டும். அரசின் காப்பீடு அதைச் சந்தேகத்துக்கிடமின்றி ஏற்க வேண்டும். எவ்வளவு அறுத்தால் போதும் என்ற அறிவைத் தம் உடம்பையே பரீட்சைக்கு அளித்து நமக்குத் தேடித் தந்தவர்கள் முகமறியாத பெண்கள். அந்த அறிவு நகரத்துச் செல்வச் சீமாட்டிக்கு எவ்வளவு உரியதோ அவ்வளவே, வயற்காட்டில் களை பறிக்கும் பெண்ணுக்கும் உரியது. கையெழுத்து அவளுடையதாக இருப்பதுபோலவே முடிவும் அவளுடையதாக இருக்கும்படி செய்வதுதான் அவர்களுக்கு நாம் பட்ட கடனைத் தீர்க்கும் வழி.